பட்டு அடைத்த படகு

பரிவட்டம் கட்டும்போது தலையைக் குனிய வேண்டும். நான் போதுமான அளவு குனியவில்லை போலிருக்கிறது. குருக்கள் என் பிடரியில் கை வைத்து மெல்ல அழுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் குனியுங்கோ," என்றார்.

அது ஒரு கார்த்திகை மாதத்துக் காலை. முதல் நாள் மழையில் நனைந்த கோயில் தரை உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. எனக்கோ சட்டையில்லாத முதுகில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் நிற்பது பொங்கலுக்கும் சாவுக்கும்தான். அன்று எனக்காக நின்றிருந்தது. தறிக்குழியிலிருந்து எழுந்தவர்கள் அப்படியே வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"நாட்டுக்குக் கப்பல் குடுத்தவருபா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

கப்பல் இல்லை. இருபத்தெட்டு அடி மோட்டார் படகு. நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது!

நிமிர்ந்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் கொடிமரத்தின் ஓரமாக ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். மழையில் நனைந்த சேலை, கையில் ஓலைக்கூடை. நாகம்மா. என் படகை ஓட்டிய எட்டியப்பனின் மனைவி. சதுரங்கப்பட்டினத்தில் முதல் பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் மாறி வந்திருந்தார். அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வேர்த்தது.

இந்தத் தொடரில் இதுவரை என் அப்பாவின் கஞ்சத்தனத்தை எழுதினேன். என் மாமனாரின் மூக்குப்பொடியை எழுதினேன். ஊரில் உள்ளவர்களையெல்லாம் கிண்டல் செய்தாயிற்று. போன மாதம் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். 'போர் சமயத்தில் தாங்கள் கடற்படைக்குப் படகு கொடுத்ததாக எங்கள் தகப்பனார் பெருமையாகச் சொல்வார், அதை எழுதக்கூடாதா?' என்று. அந்தக் கடிதத்தை மூன்று வாரம் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். இதோ எழுதுகிறேன் ஐயா. உங்கள் தகப்பனார் மன்னிக்க வேண்டும்.

மணல் ஊர்க்காரனுக்கு எதற்குப் படகு?

நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ப் பாலாற்றில் வருஷத்தில் பதினோரு மாதம் மாட்டு வண்டி ஓட்டலாம். ஓரிக்கைப் பக்கம் ஆற்றைக் கடக்கிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டுவது சூட்டு மணலுக்காகத்தான், தண்ணீருக்காக இல்லை. அந்த ஊரில் பிறந்து, பட்டுக்கடையும் இருபது தறியும் வைத்திருந்த ஒருவன் இருபத்தேழாவது வயதில் மோட்டார் படகு வாங்கினான் என்றால் அவனுக்குப் புத்தி சரியில்லை என்றுதான் அர்த்தம்.

சென்னையில் ஒரு வெள்ளைக்காரர், கம்பெனி வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை விற்றார். தேக்குப் பலகை, டீசல் இன்ஜின், நாலு பேர் சாய்ந்து உட்கார மெத்தை. பார்த்த மாத்திரத்தில் எனக்கு அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

மயில் கழுத்து நிறத்தில் வர்ணம் அடித்து, 'மயில்கண்' என்று பெயர் எழுதினேன். மயில்கண் எங்கள் கடையில் அதிகம் விற்ற புடவைக் கரை. பாலாறு கடலில் சேருமிடத்தில், சதுரங்கப்பட்டினத்துக்கு அருகில், உப்பங்கழி இருக்கிறது. எங்கள் ஊருக்கு வராத தண்ணீரெல்லாம் அங்கே சுகமாகப் படுத்திருக்கும். படகை அங்கே கட்டினேன். பம்பாயிலிருந்து மொத்த வியாபாரிகள் வந்தால் காரில் அழைத்துப்போய் அதில் ஏற்றுவேன். முதல் தடவை வந்த சேட் கால் மணி நேரத்தில் காலையில் சாப்பிட்டதையெல்லாம் கழியில் கொட்டிவிட்டார். ஆர்டர் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் கொடுத்தார். சீக்கிரம் கரையேறினால் போதும் என்று இருந்திருக்கும்.

படகை ஓட்ட எட்டியப்பனை வைத்தேன். கடற்கரைக் குப்பத்துக்காரர். மீன்பிடி விசைப்படகுகளை ஓட்டிப் பழகியவர். கழியின் வாயில் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மணல் மேடு எழும் என்பது அவருக்குத்தான் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றேன். அவர் என்னை 'மொதலாளி' என்றார். அப்போது அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் கை கூசுகிறது.

மோதிர வீடு

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சீனா சண்டையின்போது நிதி திரட்ட எங்கள் தெருவுக்கு ஒரு குழு வந்தது. முன்னால் ஒருவர் துணி விரித்த தாம்பாளத்தை ஏந்தி வந்தார். எதிர்க்கடைக்காரரின் மனைவி வாசலில் நின்றபடியே இரண்டு கை வளையலையும் கழற்றிப் போட்டார். தெரு கைதட்டியது. போட்டோ எடுத்தார்கள்.

அடுத்தது எங்கள் வீடு. அப்பா உள்ளே போனார். வெகு நேரம் கழித்து வெளியே வந்து ஒரு மோதிரத்தைத் தாம்பாளத்தில் வைத்தார். சின்னக் குழந்தைக்குப் போடுகிற, காகிதம்போல மெலிந்த மோதிரம். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தாம்பாளக்காரர் அதைத் தேடுவதுபோல் குனிந்து பார்த்தார். தெருவே சிரித்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு 'மோதிர வீடு' என்று பெயர். புதிதாக வந்த தபால்காரர்கூட அப்படிக் கேட்டுத்தான் கடிதம் கொண்டுவருவார். அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்ததற்கு அப்பாவின் மோதிரம் பொறுப்பாகாது. ஆனாலும் அந்தச் சிரிப்பை அடக்க வேண்டும் என்ற வெறி எனக்குள் இருந்தது உண்மை.

"பட்டப் பத்தி எனக்கா?"

மரப்படகின் பலகைகளுக்கு நடுவே இடுக்கு இருக்கும். அந்த இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். படகுக்காரர்கள் இதற்குக் கலப்பத்து என்பார்கள். வருஷா வருஷம் பார்க்க வேண்டிய வேலை.

போர் வந்த வருஷம், ஆவணி வாக்கில், எட்டியப்பன் கடைக்கு வந்தார்.

"அடில கசியுது மொதலாளி. கரைல ஏத்திப் புதுசா அடிக்கணும். நல்ல பஞ்சா வாங்கிக் குடுங்க."

"பஞ்சு எதுக்கு?" என்றேன். பின்கட்டில் நூல் இழைக்கும் இடத்தில் சிக்குப் பட்டு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அறுந்ததும் முடிச்சு விழுந்ததுமாகக் கழித்துப் போட்ட நூல். "இத எடுத்துப் போ. இந்த ஒத்த இழைய இழுத்துப் பாரு, கை அறுந்துடும், நூல் அறாது. பஞ்செல்லாம் ஒரு நூலா?"

எட்டியப்பன் ஒரு கொத்தைக் கையில் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"பலமாத்தான் இருக்குது. ஆனா வழுக்குதே. பஞ்சு தண்ணியக் குடிச்சி உப்பிக்கினு, இடுக்கப் புடிச்சிக்கும். இது புடிக்காது மொதலாளி. அலை அடிச்சா உருவிக்கினு வந்துடும்."

"பட்டப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா நீ?"

கடையில் அப்போது நாலு நெசவாளர்கள் இருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடற்கரையிலிருந்து வந்து காஞ்சிபுரத்தில் பட்டைக் குறை சொல்கிற ஆளைப் பார்த்து வேறு என்ன செய்வது? எட்டியப்பன் சிரிக்கவில்லை.

அன்றைக்கே மூட்டையைக் காரில் ஏற்றினோம். ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை என் மனைவி சரோஜா பிடித்தாள். இந்த ஒரு விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் கூடவே நின்று அந்தப் பட்டு நூலை இடுக்கில் அடிக்க வைத்தேன். வேலை முடிந்து படகு தண்ணீரில் இறங்கியது. கசியவில்லை. "பாத்தியா?" என்றேன்.

"கழிக்குத் தாங்கும். கடலுக்குத் தாங்காது," என்றார் எட்டியப்பன். "நாமதான் கடலுக்குப் போறதில்லியே, பரவால்ல."

உள்மடிப்பு

வங்காளதேசப் போர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடை ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். மதியச் செய்திக்கு ரேடியோ முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும். கரையோரமாக ரோந்து சுற்றத் தனியார் மோட்டார் படகுகளைக் கடற்படை எடுத்துக்கொள்கிறது என்று கேள்விப்பட்டேன். அன்று மாலையே மனு எழுதிப் போட்டேன். எனக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. நானாகப் போய் நின்றேன்.

பார்வையிட வந்த அதிகாரி இளைஞர். மலையாளி, ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். இன்ஜினை ஓட்டிப் பார்த்தார். பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். படகைக் கரையேற்றி அடிப்பக்கம் பார்க்க நேரமில்லை என்றார்.

"கலப்பத்து எப்போ செய்தது?"

"ரெண்டு மாசந்தான் ஆவுது சார்."

"பஞ்சுதானே?"

பட்டு வியாபாரிகள் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு எழுத்து கற்பதற்கு முன்பே ஒரு வித்தை வந்துவிடும். புடவையில் எங்காவது இழை அறுந்திருந்தால் அந்த இடம் உள்மடிப்புக்குள் போகும்படி மடித்து வைப்பது. பொய் சொல்வதில்லை. கேட்டவர்களுக்கு முந்தானையை விரித்துக் காட்டுவோம், கரையைக் காட்டுவோம். வாங்குகிறவர் கண்ணில் படாத பழுது எங்கள் கணக்கில் பழுதே இல்லை. நான் அதில் கெட்டிக்காரன்.

"ஆமா சார், பஞ்சுதான்," என்றேன்.

இது மடிப்புகூட இல்லை, அப்பட்டமான பொய். எட்டியப்பன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் படகின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன்.

அதிகாரி அவரிடமும் பேசினார். மணல் மேடு தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது, வர முடியுமா என்று கேட்டார். எட்டியப்பன் என்னைத் தனியே அழைத்தார்.

"மொதலாளி, சொல்லிடலாம். பட்டுதான் அடிச்சிருக்குது, நாலு நாள் குடுங்க, மாத்திடுறோம்னு சொல்லிட்டா முடிஞ்சிது. அவரு நல்ல மாதிரியாத்தான் தெரியுது."

"நாலு நாள்ல வேற படகப் பாத்துக்குவாங்க. நம்ம படகு கெடையாதுன்னு ஆயிடும். நீ ஒண்ணும் சொல்லாத. நானே பஞ்சு வாங்கிக்கினு வந்து மாத்தித் தர்றேன். ஒரு வாரம். என் மேல சத்தியம்."

"நீங்க சொன்னா சரி," என்றார். போய்ப் படகில் ஏறிக்கொண்டார்.

மயில் கழுத்து நிறத்தின் மேல் சாம்பல் நிறம் அடித்தார்கள். பெயரை அழித்து ஓர் எண் எழுதினார்கள். முன்பக்கத்தில் துப்பாக்கி வைக்க இரும்புத் தாங்கி பூட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது காரிலேயே பாட்டுப் பாடினேன். தெரு முனையில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனேன், நாலு பேர் கேட்கட்டும் என்று. எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார். அந்த வாரமே பரிவட்டம் கட்டுவதாகத் தெருக்காரர்கள் முடிவு செய்தார்கள்.

பஞ்சு வாங்கினேனா? இல்லை. மூன்று நாள் மறந்துவிட்டேன். அதன் பிறகு மறந்ததாக நடித்தேன். பஞ்சு மூட்டையோடு போய் நின்றால் எதற்கு என்று அதிகாரி கேட்பாரே!

கொடிமரத்துக்கு அந்தப் பக்கம்

மேளம் ஓய்ந்து, தெருக்காரர்கள் மாலையைக் கழற்ற விடாமல் என்னைச் சூழ்ந்து நின்றபோது நாகம்மா மெல்ல நெருங்கி வந்தார். நான் அவரைத் தூணோரமாக ஒதுக்கிக்கொண்டு போனேன். பரிவட்டம் அப்படியே தலையில் இருந்தது.

"தண்ணி ஏறுதாம் மொதலாளி. நாலு பேரு மாத்தி மாத்தி எறைக்கிறாங்களாம். பஞ்சும் குங்கிலியமும் உடனே வேணும்னு சொல்லச் சொன்னாரு."

"வர்றேன்மா. நாளைக்கு வர்றேன்."

"அதுக்குள்ள கடல் கெட்டுப்போச்சின்னா? நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரே ஆபீசரண்ட சொல்லிடுறேன்றாரு. உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டாராம், அதான் கேட்டுக்கினு வரச் சொன்னாரு. சொல்லட்டுமா?"

ஒரு தலையசைப்பு போதும். அவர் மதியப் பஸ்ஸில் திரும்பிப் போயிருப்பார். சாயங்காலம் கரைக்கு வந்த எட்டியப்பனிடம் சொல்லியிருப்பார். மறுநாள் படகு கடலுக்குப் போயிருக்காது.

பின்னால் எதிர்க்கடைக்காரர் யாரிடமோ, "மோதிர வீடுன்னு இனிமே எவனாவது சொல்லட்டும், பாக்கறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"வேணாம்மா. சொல்ல வேணாம்னு சொல்லு. நாளைக்கு நானே வர்றேன்."

நாகம்மா என் தலையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. சரோஜா ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "சாப்பிட்டுட்டுப் போம்மா, ஈரத்தோட வந்திருக்கியே," என்றாள். அவர் அதைச் சாப்பிடாமல் கூடைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பம்பாய் சேட் வந்தார். கல்யாண சீசன் ஆர்டர். நான் போகவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை, கரையிலிருந்து வெகு தூரத்தில், காற்றும் அலையும் தூக்கியதில் அடிப்பலகையிலிருந்து பட்டு உருவிக்கொண்டு வந்துவிட்டது. இன்ஜின் மூழ்கியது. எட்டியப்பன் கோணிப்பையைத் திணித்து, மேலே தன் முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மற்றவர்கள் தண்ணீரை இறைத்திருக்கிறார்கள். அலை அவர்களைத் தெற்கே தள்ளிக்கொண்டுபோய் ஒரு குப்பத்துக் கரையில் மோதியது. படகு உடைந்தது. யாரும் சாகவில்லை. இதை எழுதும்போதுகூட ஒரு முறை மூச்சு விட்டுக்கொள்கிறேன். ஐந்து பேர், ஒருவரும் சாகவில்லை.

கடை மேஜைமேல்

அதிகாரி சில நாள் கழித்துக் கடைக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். குங்கிலியம் அப்பிக் கறுத்துப்போன ஒரு கொத்து நூல். நடுவில் மட்டும் இன்னும் மஞ்சளாக மினுங்கியது.

"இது என்ன?"

எதற்கு விரலால் தொட வேண்டும்! பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். ஆனாலும் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்தேன். நேரம் கிடைக்குமே.

"பட்டு மாதிரி இருக்குது சார்."

"நீங்கள் பஞ்சு என்று சொன்னீர்கள். எட்டியப்பனைக் கேட்டால், 'நான்தான் அடிச்சேன்' என்கிறார். பட்டு எப்படி வந்தது என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குக் கொடுத்த வாக்கை அந்த மனிதர் அப்போதும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். முதுகுத் தோல் உரிந்து கிடந்த நிலையில்.

கடையில் கணக்குப்பிள்ளை இருந்தார். வாசலில் நெசவாளர்கள் இருந்தார்கள். சுவரில் பரிவட்டத்தோடு நான் நிற்கும் போட்டோ, மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"பஞ்சுதான் சார் வாங்கிக் குடுத்தேன்," என்றேன். "அத வித்துட்டு, எங்க பின்கட்டுல கொட்டிக் கெடக்கிற சிக்க அள்ளிக்கினு போயிருப்பான். கழிவுதானே, நாங்க கவனிக்கிறதில்ல."

எவ்வளவு சரளமாக வந்தது! நான் யோசிக்கவே இல்லை.

கழிவானாலும் பட்டுக்கு ஒரு விலை உண்டு. பஞ்சைவிட அதிகம். பஞ்சைத் திருடி விற்றுவிட்டுப் பட்டை வைத்து அடைத்தான் என்றால் காஞ்சிபுரத்தில் பால் குடிக்கிற பிள்ளைகூடச் சிரிக்கும். கணக்குப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் நின்றவர்களுக்கும் புரிந்தது. யாரும் பேசவில்லை. அவர்கள் எல்லோருக்கும் என் தறியில்தான் சோறு. அதிகாரி வேறு ஊர்க்காரர், அவருக்கு இது தெரிய நியாயமில்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டார். எழுந்து கை கூப்பினார்.

"நல்ல மனிதர் என்று நினைத்தேன்," என்றார். எட்டியப்பனைப் பற்றித்தான் சொன்னார்.

உள்ளே போனேன். சரோஜா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"அந்த மூட்டைய வண்டில ஏத்தினது நானு," என்றாள். "ஒரு முனைய நீங்க புடிச்சீங்க, ஒரு முனைய நான் புடிச்சேன். அவர் இன்னும் தெரு தாண்டியிருக்க மாட்டாரு. ஓடிப்போயி, என் பொண்டாட்டியும் திருடிதான்னு சொல்லிட்டு வாங்க."

"சும்மா இருடி," என்றேன்.

சும்மாதான் இருந்தாள். மூன்று மாதம்.

எட்டியப்பனை யாரும் சிறையில் போடவில்லை. எச்சரித்து அனுப்பிவிட்டார்களாம். ஆனால் நான் சொன்ன வார்த்தை அந்த அதிகாரிக்கு முன்பே கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சண்டைக்குப் போன படகில் பஞ்சு திருடியவன். அந்தக் கரையில் அதன் பிறகு ஒருவரும் அவரிடம் படகைக் கொடுக்கவில்லை. சுக்கான் பிடித்த கையால் அவர் கட்டட வேலையில் ஜல்லி சுமந்தார். எனக்குக் கடற்படையிலிருந்து நன்றி தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. படகைக் கொடுத்ததற்காக. அதையும் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன்.

தெரியாதவங்க

ஐந்தாறு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் தாங்க முடியாமல் காரை எடுத்துக்கொண்டு போனேன். குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேலையில் கால் நசுங்கி, கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். அந்தக் காலோடு எழப் பார்த்தார் என்பதை என்னால் இன்றுவரை சகிக்க முடியவில்லை.

"குந்துங்க மொதலாளி," என்றார்.

நாகம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர் தரவில்லை.

நான் மண்ணில் உட்கார்ந்தேன். வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "எட்டியப்பா... எட்டியப்பரே... நான் உங்களுக்குப் பெரிய துரோகம் பண்ணிட்டேன்," என்றேன். அழுதேன். அழுகை எனக்கு நன்றாக வந்தது. அதிலும் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவர் நான் அழுது முடிக்கிறவரை காத்திருந்தார்.

"இத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க?" என்றார். கோபமே இல்லாமல்தான் கேட்டார். "எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்கதான் அங்க குந்திக்கினு இருக்குறாங்க. அவங்கண்ட போயி சொல்லுங்க."

கையை நீட்டிக் காட்டினார். கடற்கரையில், இழுத்துப்போட்ட படகுகளின் நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூறடி தூரம்கூட இருக்காது.

எழுந்து போனேன். மணலில் செருப்பு புதைந்தது. அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேட்டியும் தங்கக் கடிகாரமும் பார்த்து ஒருவர் எழுந்து, "இன்னா வேணும் சார்?" என்றார்.

"இன்னிக்கு மீன் எப்படி?" என்று கேட்டேன்.

வஞ்சிரம் இருக்கிறது என்றார்கள். இரண்டு வாங்கினேன். திரும்பிக் காருக்குப் போகும் வழியில் எட்டியப்பனின் வாசலைக் கடக்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் கையிலிருந்த மீனைப் பார்த்தார். நான் காரில் ஏறிக்கொண்டேன்.

அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. சாவுக்கு நான் போகவில்லை. அங்கேயும் 'பஞ்சு எட்டியப்பன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

சரோஜாவும் இப்போது இல்லை. கடையை மூத்த மகன் பார்க்கிறான். இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். "இதெல்லாம் இப்ப எதுக்குப்பா? கடைப் பேரு கெட்டுடும்," என்றான். என் பிள்ளை என்பதில் சந்தேகமே இல்லை.

சதுரங்கப்பட்டினம் பஸ் நிற்கும் இடத்தில் உள்ள டீக்கடைக்கு இந்த வார இதழ் வருகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் குப்பத்துக்காரர்கள் டீ குடிப்பது அங்கேதான். ஆகவே அவர்களுக்காக, சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அந்தப் படகுக்குப் பஞ்சு வாங்கவே இல்லை. பட்டைக் கொடுத்ததும் நான், அடிக்கச் சொன்னதும் நான், பஞ்சு என்று அதிகாரியிடம் பொய் சொன்னதும் நான். எட்டியப்பன் ஒரு திரி பஞ்சுகூட எடுக்கவில்லை, எதையும் விற்கவில்லை. வேண்டாம் என்று எனக்கு மூன்று முறை சொன்னார்.

நேரில் வந்து சொல்லத்தான் அவர் சொன்னார். இந்த வயதிலும் அந்த நூறடியை நடக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. டீக்கடையில் இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் வாய்விட்டுப் படியுங்கள்.